8,750 அடியில் பாஞ்சோ: டெல்லுரைடு முகாமுக்குப் போகிறவர்களுக்கு

டெல்லுரைடு புளூகிராஸ் விழா என்பது பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில் (வயலின்) போன்ற தந்திக் கருவிகளில் வாசிக்கும் அமெரிக்க நாட்டுப்புற இசையின் விழா. அதன் மேடையில் நடப்பதில் பெரும்பகுதியை உள்ளூர்ச் சமூக வானொலியான கோட்டோவிலேயே கேட்டுவிடலாம். நள்ளிரவு தாண்டி, கூடாரங்களுக்கு நடுவே ஐந்தாறு பேர் வட்டமாக நின்று வாசிப்பதைக் கேட்கத்தான் நேரில் போகவேண்டும். இந்த விழாவுக்கு ஓட்டலில் அறை போடுகிறவர்கள் பாதி விழாவைத்தான் பார்க்கிறார்கள்.

கொலராடோவின் தென்மேற்கில், மூன்று பக்கமும் மலைச்சுவர் அடைத்த பள்ளத்தாக்கின் முட்டுச்சந்தில் இருக்கிறது ஊர். 1878இல் கொலம்பியா என்ற பெயரில் தொடங்கிய சுரங்க ஊர் இது. கலிபோர்னியாவிலும் ஒரு கொலம்பியா இருந்து கடிதங்கள் குழம்பியதால் பெயரை மாற்றினார்கள். டெல்லூரியம் கலந்த தங்கத் தாதுவை நினைத்து வைத்த பெயர். அந்தத் தாது இங்கே கிடைக்கவில்லை என்பது வேறு கதை. 1889 ஜூன் 24 அன்று புட்ச் கேசிடி தன் முதல் வங்கிக் கொள்ளையை நடத்தியது இங்கேதான். அந்த வங்கிக் கட்டடம் இப்போது இல்லை. ஆனால் அது நின்ற கொலராடோ அவென்யூவில் 1890களின் செங்கல் முகப்புகள் வரிசையாக இருக்கின்றன. 1913இல் கட்டிய ஷெரிடன் ஆப்பரா ஹவுஸில் விழா நாட்களில் பின்னிரவுக் கச்சேரியும் உண்டு. அதற்குத் தனி டிக்கெட்.

1974இல் தொடங்கிய விழா ஜூனில், ஆண்டின் நீண்ட பகலை ஒட்டி, வியாழன் முதல் ஞாயிறு வரை நடக்கிறது. சுமார் 2,500 பேர் வாழும் ஊரில் 10,000 பேர் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எனவே முந்தைய குளிர்காலத்திலேயே டிக்கெட் வேலையை முடித்தாகவேண்டும். மேடையை ஒட்டிய டவுன் பார்க் முகாமுக்குக் குலுக்கல். கிடைக்காதவர்களுக்கு ஊருக்கு வெளியே இலியம் பள்ளத்தாக்கு போன்ற இடங்கள். அங்கிருந்து விழாப் பேருந்து வரும். இலியத்தை இரண்டாம் தரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதே பள்ளத்தாக்கில் மேலே போனால் ஏம்ஸ் நீர்மின் நிலையம். 1891இல் மாறுதிசை மின்சாரத்தைச் சுரங்கத்துக்கு அனுப்பிய இடம், இன்றும் ஓடுகிறது.

விமானத்தில் வருபவர்களுக்கு மாண்ட்ரோஸ்தான் வசதி. அங்கிருந்து சுமார் 65 மைல்; ரிட்ஜ்வே, டல்லஸ் கணவாய், பிளாசர்வில் வழியாக ஒன்றரை மணி நேரம். டென்வரிலிருந்து காரில் வந்தால் ஆறேழு மணி நேரம் ஆகும், ஆனால் உடம்பு உயரத்துக்குப் படிப்படியாகப் பழகும். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்றவிட மாட்டார்கள், மாண்ட்ரோஸில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது வெறும் பியூட்டேன் குப்பி வேண்டாம். பியூட்டேன் உறைநிலைக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். விடியற்காலைக் குளிரில் அடுப்பு இருமிக்கொண்டே அணையும். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது கேளுங்கள். வறண்ட ஆண்டுகளில் விறகுத் தீக்குத் தடை வரும், ஆகவே கேம்ப் ஃபயரை நம்பிச் சமையலைத் திட்டமிடக் கூடாது.

சமையலிலும் உயரம் விளையாடும். இங்கே தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு எளிதில் குழையாது, அரிசியும் நேரம் எடுக்கும். மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று கொண்டுபோனால் பக்கத்துக் கூடாரக்காரர்களும் தட்டோடு வருவார்கள். கருங்கரடிகள் நடமாடும் மலை இது. சாப்பாடு, பற்பசை, குப்பை எதையும் கூடாரத்துக்குள் வைக்காமல் கரடிக்கு அசையாத பெட்டியிலோ பூட்டிய காரிலோ வையுங்கள்.

முதல் நாள் தலைவலி பலருக்கும் வரும். ஒரு நாள் முன்னதாக வந்துவிடுங்கள், நாளுக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் குடியுங்கள், முதல் இரவு பீரைத் தவிருங்கள். வாந்தியும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்காமல் கீழே இறங்குவதுதான் வைத்தியம். பகலில் டீ-ஷர்ட் போதும். வெயில் மறைந்ததும் வெப்பம் சரிந்து, விடியலில் 4, 5 டிகிரிக்கு வந்துவிடும். மைனஸ் 7 டிகிரிக்கான உறக்கப்பை இல்லாவிட்டால் வாசிக்கும் விரல் காலையில் மடங்காது. மதியம் இரண்டு மணிக்கு மேல் இடி மழை வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மழைச்சட்டை எப்போதும் பையில் இருக்கட்டும்.

கார் ஒரு தலைவலி. ஊருக்குள் இடம் கிடைக்காது. பக்கத்து ஊரான மவுண்டன் வில்லேஜில் நிறுத்திவிட்டுக் கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியில் வாருங்கள்; கட்டணம் இல்லை, 13 நிமிடம்.

மைதானத்தில் தார்ப்பாய் ஓட்டம் என்றொரு சடங்கு உண்டு. காலையில் வாசல் திறந்ததும் வரிசையில் நின்றவர்கள் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு மேடையை நோக்கி ஓடுவார்கள். வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும். இடம் பிடிக்க, குழுவில் ஓடக்கூடிய ஒருவரை அனுப்பினால் போதும். ஆளில்லாத பாயில் மற்றவர் உட்காரலாம், உரியவர் வந்தால் எழுந்துவிட வேண்டும் என்பது வழக்கம். உயரமான நாற்காலி கொண்டுவந்தால் பின்னால் இருப்பவர்களின் சாபம் நிச்சயம்.

இனி ஜாம், அதாவது கூடாரங்களுக்கு நடுவே வட்டமாக நின்று சேர்ந்து வாசிப்பது. புளூகிராஸில் டிரம் கிடையாது. தாளம் முழுவதும் தந்திகளில்தான். தாழ்ந்த சுரம் தரும் பெரிய பேஸ் கருவி ஒன்றாம் மூன்றாம் அடிகளைப் பிடிக்கும், மாண்டலின் இரண்டிலும் நான்கிலும் ‘சக்’ என்று வெட்டும். அதற்குப் பெயர் சாப். நமக்கு ஸ்ரீனிவாஸ் வழியாகப் பழகிய கமகம் இழையும் மாண்டலினை மறந்துவிடுங்கள். இங்கே தந்தியை அடித்த கணமே விரலைத் தளர்த்தி ஒலியை அடக்குவதில்தான் திறமை. மாண்டலின் கலைஞரான பில் மன்றோ இந்த இசைக்கு உருவம் கொடுத்தார். 1945 டிசம்பரில் எர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோவோடு அவர் குழுவில் சேர்ந்தபின்தான் நாம் இன்று கேட்கும் சத்தம் முழுமையானது.

வட்டத்தில் சேர முறை இருக்கிறது. முதலில் இரண்டு பாட்டு வெளியே நின்று கேளுங்கள். உங்கள் கருவி ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா பாருங்கள். கிடார் பத்து இருந்தாலும் சமாளிக்கலாம், இரண்டாவது பாஞ்சோ வந்தால் வட்டம் நெளியும், இரண்டாவது பேஸுக்கு இடமே இல்லை. சுருதியை வட்டத்துக்கு வெளியே, கிளிப் டியூனர் மாட்டிச் சேர்த்துக்கொண்டு வரவேண்டும். பாட்டை எடுப்பவர் ஸ்கேலைச் சொல்வார், அல்லது விரலைக் காட்டுவார்: மேலே ஒரு விரல் ஜி, இரண்டு டி, மூன்று ஏ, நான்கு ஈ; கீழே ஒரு விரல் எஃப். ஷார்ப், ஃபிளாட் எண்ணிக்கைதான் கணக்கு. கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரத் தொகுப்புகளை, எண்ணால் சொல்வார்கள். ஜி-யில் ‘ஒன்று, நான்கு, ஐந்து’ என்றால் ஜி, சி, டி. பாடும்போது எல்லோரும் ஒலியைக் குறைக்கவேண்டும். தனி வாசிப்புக்குப் பெயர் பிரேக். அது வட்டமாகச் சுற்றி வரும். உங்கள் முறையில் தயக்கமிருந்தால் தலையை ஆட்டி அடுத்தவருக்கு விட்டுவிடுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிறர் பிரேக்கின் மேல் விரலோட்டம் காட்டுவதைத்தான் மன்னிக்க மாட்டார்கள். ஃபிடில் டியூன் என்றால் எட்டு பார் (தாளச் சுற்று) கொண்ட ஏ பகுதி இரண்டு முறை, பி பகுதி இரண்டு முறை. எடுத்தவர் ஒரு காலைத் தூக்கினால் அந்தச் சுற்றோடு முடிவு. அந்தக் காலைப் பார்க்காமல் கண்ணை மூடி லயித்திருப்பவர்தான் தனியாக வாசித்துக்கொண்டிருப்பார்.

பாஞ்சோக்காரர்கள் ஏ-க்கு இரண்டாம் கட்டையில் (ஃபிரெட், அதாவது கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பி) தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப்பைப் போடும்போது, குட்டை ஐந்தாம் தந்தியைத் தனியாக ஏற்ற மறந்துவிடுகிறார்கள். பாதி ஜாம்களில் கேட்கும் அபஸ்வரம் அதுதான்.

கருவிகளுக்கு இந்த ஊர்க் காற்று விரோதி. ஈரப்பதம் மிகக் குறைவு. மரம் சுருங்கி, கிடாரின் முகப்பலகை உள்வாங்கும், தந்தி கட்டையில் உரசும், கட்டை முனைகள் கையைக் கீறும். அதற்கு மேல் போனால் விரிசல். ஈரப்பதக் குழாயோ ஈரப் பஞ்சு வைத்த துளையிட்ட சோப்பு டப்பாவோ பெட்டிக்குள் வையுங்கள். 45 முதல் 50 சதவீதம் இலக்கு. பூட்டிய காரில் வெயிலில் விட்டால் பசை இளகித் தந்தி தாங்கும் பிரிட்ஜ் கழன்றுவிடும், அதைக் கூடாரத்தில் ஒட்ட முடியாது. இரவுக் குளிரில் எஃகுத் தந்தி இறுகிச் சுருதி ஏறும். கூடாரத்தைவிட்டு வெளியே வந்ததும் பத்து நிமிடம் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேருங்கள். கூடுதலாக இரண்டு செட் தந்தி, தந்தி மீட்டும் பிக் நான்கைந்து, தலையில் மாட்டும் சிவப்பு வெளிச்ச விளக்கு. வெள்ளை விளக்கு எதிரில் நிற்கும் ஃபிடில்காரரின் கண்ணைக் குருடாக்கும்.