பனங்களியில் தோய்த்த சட்டை

2022 இல் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தபோது கொழும்பு மச்சான் அடிக்கடி போன் எடுப்பான். "நீங்கள் தொண்ணூறிலேயே பழகின ஆக்கள்தானே, எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?" அவனுடைய காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். என் மோட்டார் சைக்கிளுக்கு 4. கஷ்டப்பட்டது அவன்தான்!

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றரியும் தடை. மண்ணெண்ணெய் யானை விலை. அதனால் ஜாம் போத்தல் விளக்கு. அடியில் பஞ்சை வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட வேண்டும். சைக்கிள் வால்வுக்குள் திரியைக் கோத்து உள்ளே இறக்கினால் சரி, போத்தலே சிமினி. கிட்டக் குனிந்து படித்தால் முன்மயிர் பொசுங்கும். காலையில் மூக்கைச் சீறினால் கரி.

இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் ரேடியோவைக் கொளுவி பீபீசி தமிழோசை கேட்பார்கள். மிதியைச் சுற்றுவது எங்கள் வேலை, செய்தி கேட்பது பெரியவர்களின் வேலை. கை சோர்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் சோரும். உடனே "டேய், சுத்தடா!" என்று அப்பா கத்துவார். மோட்டார் சைக்கிள்களைச் சொட்டுப் பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டியது தனிக்கதை.

இந்தக் கதைகளை இப்போது கலியாண வீடுகளில் பெருமையாகச் சொல்வது பெரும்பாலும் ஆண்கள்தான். அம்மா வாயே திறக்க மாட்டார். டைனமோ ரேடியோவும் மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளும் கெட்டித்தனம் என்றால், சவர்க்காரமில்லாமல் ஒரு வீட்டு உடுப்பு முழுவதையும் வெளுத்ததற்கு என்ன பெயர்?

பனம்பழக் காலத்தில் அம்மா விடிய முதலே பனங்காணிக்குப் போய்விடுவார். பிந்தினால் வேறு யாராவது பொறுக்கிவிடுவார்கள். பழத்தைப் பிசைந்து களி எடுத்து, துணியில் தேய்த்தால் நுரை வரும், அழுக்கும் போகும். வெள்ளைச் சட்டை கொஞ்சம் மஞ்சளாகும். எத்தனை தண்ணீரில் அலசினாலும் அந்த வாசம் மட்டும் போகாது. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் அதே வாசம் என்பதால் யாரும் யாரையும் நக்கலடிக்கவில்லை.

மாடுகளுக்குத்தான் அந்த வாசம் நல்ல விருப்பம். கொடியில் காய்ந்த என் சட்டையின் ஒரு கையை அயல்வீட்டு மாடு சப்பித் தின்றுவிட்டது. வேறு சட்டைக்கு எங்கே போவது? அம்மா மற்றக் கையையும் அதே அளவுக்கு வெட்டி, மடித்துத் தைத்துத் தந்தார். வகுப்பில் வாத்தியார் மட்டும், "ஏனடா கை இவ்வளவு கட்டை?" என்று கேட்டார்.