மோந்தே கசீனோ: 1,500 வருட மடமும் 25 யூரோ டாக்ஸியும்

முதலில் டாக்ஸிக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. ரோமிலிருந்து காலை ரயிலில் இரண்டு மணி நேரம், டிக்கெட் பத்து யூரோவுக்குள்தான், அதுவரை எல்லாம் நன்றாகவே போனது. கசீனோ ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் மோந்தே கசீனோ மடம் இருக்கும் மலைக்குப் போகும் பஸ் என் கண்ணெதிரே கிளம்பிப் போகிறது. அடுத்தது மதியத்துக்கு மேல். வாசலில் நின்றிருந்த டாக்ஸிக்காரர் மலையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், 25 யூரோ என்றார். ஒன்பது கிலோமீட்டருக்கு! இருபது என்று விரலைக் காட்டினேன், கார் கண்ணாடியை ஏற்றிவிட்டார். ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்தத் தப்பை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். வேறு வழியில்லாமல் ஏறினேன்.

கொண்டை ஊசி வளைவுகள் முடிந்ததும் மடத்து வாசல். மேலே லத்தீனில் 'பாக்ஸ்' என்று எழுதியிருக்கிறது, சமாதானம் என்று அர்த்தம். அப்போது நான் இருந்த நிலைமையில் அதைப் பார்த்துக் கடுப்புதான் வந்தது.

உள்ளே போனால் இன்னொரு ஏமாற்றம். ஆயிரத்தைந்நூறு வருஷக் கட்டடம் என்று வந்தால் எல்லாம் நேற்று கட்டியது போலச் சுத்தமாக, வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ஒருவகையில் நேற்று கட்டியதேதான். நம்ம ஊர்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று சொல்லும் பெனடிக்ட் 529 வாக்கில் இங்கே மடம் அமைத்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் லொம்பார்டுகள் என்ற ஜெர்மானிய இனத்தார் சூறையாடினார்கள். 883-ல் சாரசேனியர்கள், அதாவது அரபு முஸ்லிம் படையினர், எரித்தார்கள், 1349-ல் பூகம்பம். கடைசியாக இரண்டாம் உலகப் போரில், 1944 பிப்ரவரி 15, அமெரிக்க விமானங்கள். ஜெர்மன் படை மடத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று நினைத்துப் போட்ட குண்டு. உள்ளே இருந்ததோ அடைக்கலம் தேடி வந்த ஊர்மக்களும் சில துறவிகளும். இடிந்த பிறகுதான் ஜெர்மன்காரர்கள் உள்ளே புகுந்து இடிபாடுகளையே கோட்டையாக்கிக் கொண்டார்கள். இதைவிட முட்டாள்தனம் உண்டா? போருக்குப் பிறகு முன்பு இருந்த இடத்திலேயே, இருந்தபடியே மறுபடி கட்டி, 1964-ல் போப் ஆறாம் பவுல் வந்து புனிதப்படுத்தினார்.

எனக்குப் பிடித்தது கட்டடம் இல்லை, பெனடிக்ட் எழுதிய விதிநூல். 73 அத்தியாயம். ஐரோப்பாவின் பாதி மடங்கள் நூற்றாண்டுக் கணக்கில் இதை வைத்துத்தான் ஓடின. பக்திமயமாக இருக்கும் என்று நினைத்து ரயிலில் போனில் திறந்தால், ஹாஸ்டல் வார்டன் எழுதியது மாதிரி இருக்கிறது. சாப்பாட்டில் இரண்டு வகை சமைக்க வேண்டும், ஒன்று ஒத்துக்கொள்ளாதவன் மற்றதைச் சாப்பிடட்டும். ஆளுக்கு ஒரு ராத்தல் ரொட்டி. துறவிக்குத் திராட்சை ரசம் ஆகாதுதான், ஆனால் இந்தக் காலத்துத் துறவிகளை நம்பவைக்க முடியாது என்பதால் அளவாகக் குடிக்கட்டும் என்று ஒரு பெருமூச்சோடு அனுமதிக்கிறார். சமையலறை வேலை வாரமுறைப்படி மாறி மாறி. பைபிளின் 150 திருப்பாடல்களையும் வாரத்துக்குள் பாடி முடிக்க வேண்டும். ஜெபத்துக்குத் தாமதமாக வந்தால் எல்லோரும் பார்க்கும்படி கடைசியில் நிற்க வேண்டும். பஸ்ஸை விட்ட எனக்கு இது சுருக்கென்று குத்தியது.

அப்புறம் இன்னொன்று. இத்தாலிய மொழியின் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்று இந்த மடத்துக் காப்பகத்தில்தான் இருக்கிறது. வருஷம் 960. கவிதையா, ஜெபமா என்றால், இல்லை, நில வழக்கு! இன்ன எல்லைக்குள் இருக்கும் நிலத்தை முப்பது வருஷமாக மடம்தான் அனுபவித்து வருகிறது என்று கபுவா ஊரில் நீதிபதி முன்னால் சொன்ன சாட்சி. கோயில் கல்வெட்டில் நாலெல்லையும் படித்துப் பழகிய நமக்குச் சிரிப்புதான் வரும். 1943-லேயே இரண்டு ஜெர்மன் அதிகாரிகள் ஏடுகளையும் பொக்கிஷங்களையும் லாரி லாரியாக ரோமுக்கு அனுப்பியதால் இதெல்லாம் பிழைத்தது. அருங்காட்சியகத்துக்குத் தனி டிக்கெட். வாங்கவில்லை, அந்தக் காசு டாக்ஸியில் போய்விட்டது.

பஸ் நேரம், செலவு எல்லாம் வரிசையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். சரி, சுருக்கமாக: முதல் ரயிலைப் பிடியுங்கள், தண்ணீர் கொண்டு போங்கள், மடம் மதியம் மூடுமா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது பஸ் கிடைத்தது. ஊருக்குள் ஒரு சின்னக் கடையில் பீன்ஸ் போட்டுக் குழைய வேகவைத்த பாஸ்தா, மேலே ஆலிவ் எண்ணெய், எட்டு யூரோ. ரோமில் மூன்று நாளாகச் சாப்பிட்ட எதுவும் இதன் பக்கத்தில் வராது. கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டதைப் பார்த்துக் கடைக்கார அம்மா கேட்காமலேயே இன்னொரு கரண்டி ஊற்றினார்.

அங்கிருந்து நடந்து காமன்வெல்த் போர்க் கல்லறைக்குப் போனேன். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் நாலாவது இந்திய டிவிஷன் இந்த மலையில்தான் சண்டை போட்டது. வெள்ளைக் கற்களில் பஞ்சாபி, ராஜபுதனப் பெயர்கள், எண், படைப்பிரிவு, 1944. நிமிர்ந்தால் மடம். புல் வெட்டும் மிஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ரயிலை மறந்து ஒரு மணி நேரம் அங்கேயே சுற்றினேன்.

ஸ்டேஷன் வாசலில் காலையில் பார்த்த அதே ஆள். "ரோமா?" என்றார்.