டிஸ்க் செத்துவிட்டது என்று அவ்வளவு சீக்கிரம் சொல்லாதீர்கள்

ஒரு ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று சொல்வதற்கு முன், அதில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஈப்போ கணினிக் கடையில் யாரும் கேட்கவில்லை. மடிக்கணினி துவங்கவில்லை, டிஸ்க் தெரியவில்லை, புதியது போட்டு விண்டோஸ் ஏற்றித் தருகிறோம் என்றார்களாம். எனக்குக் கோபம் வந்தது. அக்காவின் அப்பா ரப்பர் தோட்டத்துக் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். தொழிலாளர்களின் லய வீடுகள், கோயில் தீமிதி, ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை என்று அவர் எடுத்த படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து அந்த டிஸ்க்கில்தான் வைத்திருந்தார்கள். லயங்களை இடித்துச் செம்பனை நட்டாகிவிட்டது. இனி யார் போய் எதைப் படம் எடுப்பது?

"கம்ப்யூட்டர் போனால் போகட்டும் தம்பி, படம் வந்தால் போதும்" என்றார் அக்கா.

முதலில் பென்டிரைவ் போன்றவற்றைக் கழற்றிவிடுங்கள். கணினி அதிலிருந்து துவங்கப் பார்த்து நின்றிருக்கலாம். பிறகு பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரைக்குள், போங்கள். கணினியை இயக்கியதும் அழுத்த வேண்டிய விசை, ஏசர், டெல், ஆசுஸ் என்றால் பெரும்பாலும் எஃப்2, எச்பி என்றால் எஃப்10. அங்கே டிஸ்க்கின் மாடல் பெயர் தெரிகிறதா? தெரிந்தால், பழுது பெரும்பாலும், கணினி எதிலிருந்து துவங்குவது என்ற வரிசையிலோ விண்டோஸ் கோப்புகளிலோதான். தெரியாவிட்டால் டிஸ்க் கெட்டிருக்கலாம், அல்லது டிஸ்க்குக்குப் போகும் வழி அறுந்திருக்கலாம். இந்த இரண்டாவதை அவசரக்காரர்கள் பார்ப்பதே இல்லை.

அக்காவின் கணினியில் பெயர் தெரியவில்லை. சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். பலனில்லை. மறுபடி மின்சாரம் கொடுத்துக் காதை வைத்துக் கேட்டேன். டிஸ்க் சீராகச் சுழன்றது. எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான். 'டக் டக்' என்று திரும்பத் திரும்பக் கேட்டிருந்தால் உடனே அணைத்திருப்பேன். அது பெரும்பாலும் படிக்கும் முனை கெட்டதன் அடையாளம். ஓட ஓடத் தட்டு கீறப்படும். அந்த நிலையில் டிஸ்க்கை உறைபெட்டியில் வைக்கச் சொல்லும் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். உள்ளே ஈரம் கட்டினால் இருப்பதும் போய்விடும்.

டிஸ்க்கைக் கழற்றி, அதன் சாட்டா இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் அடாப்டர் வழியாக என் கணினியில் செருகினேன். 2.5 அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பி தரும் 5 வோல்ட்டே போதும். கோப்புறைகள் ஒவ்வொன்றாக வந்தன. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு இருந்திருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்டிருக்கும், நல்லவேளை, இல்லை. பிழைகளைச் சரிசெய்யவா என்று விண்டோஸ் கேட்டதற்கு வேண்டாம் என்றேன். முதலில் நகல். பழுதுபார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கோளாறு, மதர்போர்டிலிருந்து டிஸ்க்குக்கு வரும் மெல்லிய பட்டைக் கேபிளில் இருந்தது. மடிப்பில் விரிசல். அதன் வழியே டிஸ்க்குக்கு மின்சாரம் வந்திருக்கிறது, தரவுதான் வந்து போகவில்லை. மாடல் எண்ணைப் பார்த்து இணையத்தில் வேறு கேபிள் வரவழைத்து மாட்டியதும் கணினி துவங்கிவிட்டது.

எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் யார் வீட்டு அலமாரியிலாவது இப்படி ஒரு டிஸ்க் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். கொண்டு வாருங்கள், என்னிடம் அடாப்டர் இருக்கிறது. காசு வேண்டாம். தோட்டத்துப் படங்கள் இருந்தால், உங்களுக்குச் சம்மதமானால், எனக்கும் ஒரு நகல் கொடுங்கள்.