தாய்மாரின் விழித்திரை

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகக் கண் ஆய்வகத்தில் விழித்திரையைப் படமெடுப்பது என் வேலை. கோராய்டெரீமியா போன்று எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் நோயால் பார்வையை இழந்துவரும் ஆண்களைப் பெரும்பாலும் தாயோ சகோதரியோதான் அழைத்து வருவார். மகனின் கண்ணைப் பற்றி அனைத்தும் அறிந்த அந்தத் தாயின் கண்ணை எவரும் கூர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை வாசித்துவிடுவதால், அவருக்கு ஒன்றுமில்லை என்று முடிவுசெய்திருப்பார்கள். அந்த முடிவு போதாது என்பதே இத்தனை காலப் பணியில் எனக்கு உறுதிப்பட்ட எண்ணம்.

பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் உள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று கருவின் தொடக்க நாட்களிலேயே செயல்படாமல் அடங்கிவிடுகிறது என்ற கருத்தை மரபியலாளர் மேரி லயன் 1961இல் முன்வைத்தார். எது அடங்கும் என்பது தற்செயலாக அமைகிறது. அந்தச் செல்லிலிருந்து பிரிந்து பெருகும் செல்களிலும் அதுவே அடங்கியிருக்கும். ஆகவே, மகனுக்கு நோயைக் கடத்தும் பழுதான மரபணுவை ஓர் எக்ஸ் குரோமோசோமில் சுமக்கும் பெண்ணின் விழித்திரையில் நலமான செல்களும் நலிந்த செல்களும் ஒட்டுப்போட்ட துணியைப் போலக் கலந்து கிடக்கின்றன.

இதைச் செல் அளவில் காண உதவுவது அடாப்டிவ் ஆப்டிக்ஸ். வானியலாளர்கள் காற்றுமண்டலக் கலக்கத்தைச் சரிசெய்யப் பயன்படுத்தும் இம்முறையில், கண்ணின் ஒளியியல் குறைகளை அளந்து, அவற்றை ஈடுசெய்யும்படி ஒளியைத் திருப்பியனுப்பும் ஓர் ஆடியின் வடிவம் இடைவிடாது மாற்றப்படுகிறது. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் வில்லியம்ஸ் குழுவினர் 1997இல் இவ்வாறுதான் உயிருள்ள மனிதக் கண்ணில் பகலொளியையும் நிறத்தையும் உணரும் கூம்பு செல்களைத் தனித்தனியே படமாக்கினர். ஒரு படம் காட்டும் பரப்பு மிகச் சிறியது என்பதால் பல படங்களை எடுத்து இணைக்க வேண்டும். சொட்டு மருந்தால் கண்பாவை விரிந்த நிலையில், ஒரே புள்ளியை நோக்கியபடி அசையாமல் அமர்ந்திருப்பது எளிதன்று. ஆனால் இத்தாய்மார் காட்டும் பொறுமையை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை.

படத்தில் கரிய திட்டுகள் தென்பட்டவுடன் செல்கள் அழிந்துவிட்டன என்று சொல்லிவிடக் கூடாது. ஒளியை நேராகத் திருப்பியனுப்பாத கூம்பு செல், வழக்கமான படத்தில் இருளாகத் தெரிந்தாலும், சிதறும் ஒளியைக் கொண்டு எடுக்கும் படத்தில் உயிரோடு இருப்பதாகத் தெரியவரலாம். எண்ணிக்கையும் ஏமாற்றும். நலமானவர்களிலேயே விழித்திரையின் மையக் குழியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முதல் மூன்று லட்சத்துக்கும் மேல் வரை கூம்பு செல்கள் இருப்பதால், ஒரே ஒரு எண்ணை வைத்து ஒருவரின் கண்ணை எடைபோட முடியாது. அதே கண்ணைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் படமெடுத்து, அதே செல்களைத் தேடி ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி.

தம் படத்தைக் கண்ட ஒரு தாய், அந்தியில் படியிறங்கத் தாம் தயங்குவது வயதால் அன்றி இதனால்தானோ என்று கேட்டார். அதுவரை எந்த மருத்துவரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. மகனுக்கு முன்னால் தம் குறையைப் பேசுவது தகாது என்று கருதியிருந்தார். படத்துக்கு விளக்கம் சொல்வது மருத்துவரின் பொறுப்பு என்பதால், அந்தத் தாய் சொன்னதை அப்படியே குறிப்பில் எழுதி, இருட்டில் பார்வைத்திறனை அளக்கும் சோதனைக்குப் பரிந்துரைக்குமாறு மருத்துவரைக் கேட்டுக்கொண்டேன். இப்போதெல்லாம் மகனின் கோப்பைத் திறக்கும் அன்றே, தாய் சம்மதித்தால், அவர் பெயரிலும் ஒரு கோப்பைத் தொடங்கிவிடுகிறோம்.