தூக்குமேடையும் மலையகமும்
சிறுமி ஒருத்தி கொல்லப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் எங்கள் மலையகத் தோட்ட லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) "தூக்கில் போட வேண்டும்" என்ற குரல் எழுகிறது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. இலங்கையில் 1976 ஜூன் 23 ஆம் திகதிக்குப் பின்னர் எவரும் தூக்கிலிடப்படவில்லை, ஆயினும் நீதிமன்றங்கள் மரண தண்டனை விதிப்பதை நிறுத்தவில்லை. போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிட 2019 இல் அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையொப்பமிட்டார். உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

கண்டியில் போகம்பறை பழைய சிறைச்சாலையைக் கடக்கும்போது (அதற்குள்ளும் தூக்குமேடை இருந்தது) நான் நினைப்பது, வேற்று மொழியில் பதியப்பட்ட வாக்குமூலத்தின் கீழ் கையொப்பமிட்டுவிட்டு, மொழிபெயர்ப்பாளரையே நம்பி நிற்கும் ஒரு தோட்டத் தொழிலாளியைத்தான். சிறையிலிருப்பவரின் வழக்கில் பிழை நேர்ந்திருந்தால் அதை மேன்முறையீட்டில் திருத்தலாம். தூக்கிலிடப்பட்டவரின் மனைவியிடம் அரசு எதைத் திருப்பிக் கொடுக்கும்?