சர்வர் பட்டியல் ஓரிடத்தில் இருந்தால் போதும்

கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடி டைல்ஸ், தேன்குழல், மாவுருண்டை என்று செட்டிநாட்டுச் சரக்கு விற்பவர்களுக்கு இணையக் கடை நடத்தித் தருவது காரைக்குடியில் எங்கள் தொழில். சர்வர்கள் மும்பையில் இருக்கின்றன. தீபாவளிக்கு முன்பு சில சர்வர்களைக் கூட்டுவோம், பொங்கல் முடிந்ததும் குறைப்போம். ஒவ்வொரு முறையும், வருபவர்களைச் சர்வர்களுக்குப் பகிர்ந்து அனுப்ப முன்னால் நிற்கும் இரண்டு லோடு பேலன்சர்களிலும் ஐ.பி. முகவரிகளைக் கையால் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றுபோல இல்லாவிட்டால் சிலருக்குக் கடை திறக்கும், சிலருக்குத் திறக்காது. ஒரு நெசவாளர் குடும்பத்தின் பண்டிகை வருமானம் இதில் சிக்கக்கூடாது என்பதால்தான், பல சர்வர்களின் அமைப்பை ஓரிடத்திலிருந்தே மாற்றும் ஆன்சிபிள் என்ற கருவிக்கு மாறினோம்.

ஆன்சிபிளுக்காகச் சர்வர்களில் தனி மென்பொருள் எதையும் நிறுவ வேண்டியதில்லை. தொலைவில் உள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் எஸ்எஸ்எச் வழியே போய் வேலையை முடித்துவிடும். அங்கே பைத்தான் என்ற நிரல்மொழி இருந்தால் போதும். பேலன்சர்களில் ஓடும் மென்பொருளான ஹெச்ஏபிராக்ஸியின் அமைப்புக் கோப்பை, விவரங்களை இட்டு நிரப்பும் ஜின்ஜா வார்ப்புருவாக எழுதினோம். ஆன்சிபிளுக்குக் கொடுக்கும் சர்வர் பட்டியலில் எத்தனை சர்வர் உண்டோ, கோப்பில் அத்தனை வரிகள் தாமாக வரும்.

சிக்கல் வந்த இடம் வேறு. பேலன்சர்களை மட்டும் குறிவைத்து ஓட்டினால், பின்னால் இருக்கும் சர்வர்களை ஆன்சிபிள் தொட்டே இருக்காது. அவற்றின் முகவரி தெரியாமல் வார்ப்புரு பாதியில் நின்றுவிடும். முதலில் எல்லாச் சர்வர்களிடமும் விவரம் சேகரித்துவிட்டுத் தொடரலாம் என்பது பலரும் சொல்லும் வழி. ஆனால் அந்த நேரத்தில் ஒரு சர்வர் படுத்திருந்தாலும் அதே தொல்லைதான். பழுதான சர்வரை நீக்க ஓடும்போது அந்தப் பழுதே நம்மைத் தடுத்துவிடும். ஆகவே முகவரியைப் பட்டியலிலேயே எழுதிவைத்தோம். பார்க்கச் சாதாரணமான தீர்வு, ஆனால் இதைவிட உறுதியானது எனக்குத் தெரிந்து இல்லை.

புதிய கோப்பு நேராக இடத்தில் போய் அமராது. முதலில் தற்காலிகக் கோப்பாக எழுதி, ஹெச்ஏபிராக்ஸியையே படித்துச் சரிபார்க்கச் சொல்கிறோம். பிழை இருந்தால் பழைய கோப்பு அப்படியே நிற்கும். மாற்றம் உண்மையிலேயே நடந்திருந்தால் மட்டும், புதிய கோப்பை ஏற்கச் செய்யும் ரீலோடு; முழுதாக நிறுத்தித் தொடங்கும் ரீஸ்டார்ட் கிடையாது. ரீலோடில் பழைய புராசஸ் கையில் இருக்கும் இணைப்புகளை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் விலகும். பணம் செலுத்திக்கொண்டிருப்பவருக்கு எதுவும் தெரியாது.

அதிகம் விவாதித்தது, சர்வர் நன்றாக இருக்கிறதா என்று பேலன்சர் அடிக்கடி கேட்கும் நலச் சோதனையைப் பற்றி. தரவுத்தளத்தையும் சேர்த்துச் சோதிக்கலாம் என்றேன். "வேண்டாம் தம்பி, தரவுத்தளம் கொஞ்சம் திணறினாலே எல்லாச் சர்வரையும் ஒரேயடியாக வெளியே தள்ளிவிடும். அப்புறம் காட்ட ஒரு பக்கமும் இருக்காது" என்றார் எங்கள் மூத்த பொறியாளர். அண்ணன் சொன்னதுதான் சரி. இப்போது ஒவ்வொரு சர்வரும் தன்னைப் பற்றி மட்டும் பதில் சொல்கிறது. 2 விநாடிக்கு ஒருமுறை கேட்பது, தொடர்ந்து 3 முறை தவறினால் விலக்குவது, 2 முறை சரியானால் சேர்ப்பது என்ற ஹெச்ஏபிராக்ஸியின் இயல்பான அளவுகளை அப்படியே விட்டிருக்கிறோம்.

கடைப் பக்கங்களுக்கு முறைவைத்துப் பகிரும் ரவுண்ட் ராபின் போதும். டைல்ஸ் வியாபாரிகள் பெரிய படங்களை ஏற்றும் பகுதிக்கு மட்டும், இணைப்பு குறைவாக உள்ள சர்வருக்கு அனுப்பும் முறையை வைத்தோம். ஒரு படம் ஏறவே நேரம் பிடிக்கிறது.

நிரலைப் புதுப்பிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான். அதற்குப் புதிய வரவை நிறுத்தி, இருப்பவை முடியும்வரை காத்திருந்து, புதுப்பித்து, நலச் சோதனையில் தேறிய பிறகே அடுத்ததைத் தொடுகிறது.

இப்போது சர்வர் சேர்ப்பதென்றால் பட்டியலில் ஒரு வரி எழுதுவதுதான். அதை இன்னொருவர் படித்துப் பார்ப்பார். எந்த வரி மாறப்போகிறது என்று ஒத்திகை ஓட்டத்தில் பார்த்துவிட்டு ஓட்டுகிறோம். பட்டியலையே கிளவுடிலிருந்து நேரடியாக எடுக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். அதற்கு முன் எல்லாச் சர்வர்களுக்கும் ஒரே மாதிரி டேக், அதாவது அடையாளக் குறி, போட்டாக வேண்டும்.