எட்டடிச் சுவர்

வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்டப் போகிறேன் என்றதும் தம்பி கேட்டது, "ஏக்கா, லாட்டரி கீட்டரி விழுந்துச்சா?" ஒரு பக்கச் சுவர் மட்டும் கண்ணாடி போல இருக்கும் என்றேன். "மீன் தொட்டின்னு சொல்லு" என்று முடித்துவிட்டான்.

ஆடம்பரம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் நீச்சல் பழகியது சூலூர் பக்கம் தாத்தா தோட்டத்துக் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை படியில் உட்கார்ந்திருக்கும் அப்பா கையில். கரும்பச்சைத் தண்ணீர். முங்கிவிட்டால் நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. கயிறு இழுபடுவதை வைத்துத்தான் கணக்கு. இப்போது பேத்திக்கு ஆறு வயது. அவள் இடுப்பில் யாரும் கயிறு கட்டப் போவதில்லை. முங்கினாலும் என் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுடையது வடவள்ளி தாண்டி, வடக்குப் பார்த்த வீடு. பின்பக்க இடம் மேற்கிலிருந்து கிழக்காக நாலடி சரிகிறது. வீடு கட்டும்போது மண்ணடித்து மட்டப்படுத்தச் சொன்னார்கள். காசில்லாததால் விட்டோம், நல்லதாகப் போயிற்று. சமதரையில் தோண்டினால் நாலு பக்கமும் மண். கண்ணாடி வைத்து மண்ணையா பார்ப்பது? சரிவில் கட்டினால் கிழக்குச் சுவர் தானாகவே வெளியே நிற்கும். அதற்கு எதிரே ஒரு கல் திண்ணை.

முதலில் நான் வரைந்த சுவர் 20 அடி நீளம், தண்ணீர் ஆழம் 5 அடி. என்ஜினீயர் பையன் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "இது மேல மொத்தமா 7 டன் தள்ளும்ங்க" என்றான். குளத்தின் அகலத்தைக் குறைக்கலாமா என்று கேட்டேன். பிரயோஜனம் இல்லையாம். சுவருக்குப் பின்னால் பத்தடிக்குத் தண்ணீர் நின்றாலும் பர்லாங்கு தூரத்துக்கு நின்றாலும் அழுத்தம் ஒன்றுதான். ஆழம்தான் கணக்கு. ஆழம் இரட்டித்தால் தள்ளும் விசை நாலு மடங்கு. பள்ளியில் இதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். நம்புவதற்கு 58 வயதாகிவிட்டது.

சரி, பேத்திக்கும் என் முட்டிக்கும் 4 அடி ஆழம் போதும். சுவரில் கண்ணாடி போல வரும் நீளத்தையும் 8 அடியாக்கினோம். 1.8 டன்னுக்கு இறங்கியது.

கண்ணாடி என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் வைக்கப்போவது அக்ரிலிக் என்ற தெளிவான பிளாஸ்டிக் பலகை. எடை கண்ணாடியில் பாதி. கனமான கண்ணாடியில் வரும் பச்சைச் சாயல் இதில் வராது. கீறல் விழும், ஆனால் தேய்த்துப் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். தின்னர், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது; முடி போல வெடிப்பு ஓடிவிடும். எங்கள் பெயின்டரை நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது.

பலகையைக் கான்கிரீட்டோடு இறுக்கவும் கூடாது. வெப்பம் 20 டிகிரி ஏறினால் 8 அடிப் பலகை 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். கான்கிரீட் அதே நீளத்துக்கு அரை மில்லிமீட்டர்தான் நீளும். அதனால் சுவரில் பலகையின் விளிம்பு உட்காரக் காடி (பள்ளம்) விட்டு, உள்பக்கமிருந்து பலகையை உட்காரவைத்து, இடைவெளியைச் சிலிக்கான் வைத்து அடைக்க வேண்டும். தண்ணீரே பலகையைக் காடியின் வெளி விளிம்போடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இதைக் கேட்ட கொத்தனார், "கல்லுக்கட்டே உப்பிக்கிட்டு உழுகுதுங்க, நீங்க பிளாஸ்டிக்குங்கறீங்க" என்றார்.

அவர் போதாதென்று தம்பி பெர்லின் வீடியோவை அனுப்பிவைத்தான். 2022 டிசம்பரில் அங்கே ஓட்டலுக்குள் இருந்த அக்வாடோம் என்ற 14 மீட்டர் உயர அக்ரிலிக் மீன் தொட்டி வெடித்து, 10 லட்சம் லிட்டர் தண்ணீர் தெருவரை வந்தது. என்னுடையது நாலடிதான் என்று பதில் போட்டேன். ஆனால் அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. பலகையின் கனத்துக்கு விற்பவர் தரும் கணக்கும் எங்கள் என்ஜினீயர் கணக்கும் ஒத்துப்போனால்தான் ஆர்டர் என்று காலையில் சொல்லிவிட்டேன்.

எனக்கு உண்மையான கவலை தண்ணீர்தான். 24 அடிக்கு 12 அடி குளம் என்றால் 32,000 லிட்டருக்கு மேல் வேண்டும். எங்கள் போர் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளையாகப் படிகிறது. அந்த உப்பு டைல்ஸில் படிந்தால் யாருக்கும் தெரியாது. பார்ப்பதற்கென்றே வைத்த சுவரில் படிந்தால்? முதல் நிரப்புக்கு நல்ல தண்ணீர் லாரி மூன்று நடை சொல்லலாம். ஆவியாகிக் குறையும்போதெல்லாம் லாரி கூப்பிட முடியாது. கடினத்தன்மை பார்க்கப் பாட்டிலில் பிடித்து லேபுக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆடி முடிந்துதான் தோண்ட வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். சுண்ணாம்புப் பொடியில் கோடு மட்டும் போட்டாயிற்று. போன ஞாயிறு சாயங்காலம் தம்பி வந்தான். திண்ணை வரும் இடத்தில் நின்று குளத்தைப் பார்த்தவன் கையை நெற்றியில் வைத்துக்கொண்டான். "அஞ்சு மணி வெயில் நேரா மூஞ்சில அடிக்குது. கண்ண மூடிக்கிட்டுதான்க்கா புள்ளையப் பாக்கோணும்."

மூன்று மாதமாக இத்தனை பேரோடு பேசியும் ஒருவர்கூட மேற்கே திரும்பிப் பார்க்கவில்லை. காப்பி போட உள்ளே போனேன். குளத்துக்கு மேற்கே பந்தல் போடுவதா மரம் வைப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. மரமென்றால் இலை உதிரும்.